மேட்டுப் பக்கம் அடிங்கடா

எனக்குக் கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது. வீட்டில உள்ளவங்களுக்கு இது தெரியும், எங்கிட்டப் பந்து ஆடின பயலுகளுக்கு இன்னும் நல்லாவே தெரியும். மதுரையில ஒரு காலேசுல ஹெட் கேம்ஸ் மாஸ்டரா, அதாவது ஆட்டம் சொல்லிக் குடுக்கிற மாஸ்டர்களுக்கெல்லாம் மேல ஒருத்தனா, ரொம்ப வருசம் இருந்தேன். "இந்த வேலைக்கு எப்பிடி சார் வந்தீங்க?"ன்னு யாராச்சும் கேட்டா, "ஆடித்தான் வந்தேன், பின்ன பாடிக்கிட்டா வந்தேன்?"னு எரிஞ்சு விழுவேன். கேட்டவன் அதோட வாயை மூடிக்கிடுவான். ஆனா உண்மை அது இல்ல. போடிமெட்டுக்கு மேல ஏலக்காய் சுமந்த பதினொரு பேர் எனக்கு வாங்கிக் குடுத்த வேலை அது.

அப்பாவுக்கு ராசிங்காபுரம் பக்கம் வெள்ளாமை. மகன் படிச்சுத் தாலுகாக் கச்சேரியில நாற்காலி போட்டு உக்காருவான்னு நம்பி, என்னை வண்டியேத்தி மதுரைக்கு அனுப்பினார். நான் அங்க படிச்சது என்னமோ பந்துதான். அப்பெல்லாம் வெறுங்கால் ஆட்டம். நான் பேக்கு. பேக்குன்னா பெரிய வித்தை ஒண்ணும் இல்ல, எதிராளி கொண்டார்ற பந்தை ஓங்கி ஒரு உதை விட்டு எட்டாத தூரத்துக்கு அனுப்பணும், அம்புட்டுத்தான். அது எங்க போய் விழுதுங்கிறது என் கவலை இல்ல. மூணு வருசம் ஆடியும் நான் ஒரு கோல் போட்டது கிடையாது. ஆனா நான் நின்னா எங்க பக்கம் கோல் விழாதுன்னு ஒரு பேரு இருந்துச்சு. அந்தப் பேருக்காகவே சாப்பிட்டேன், அந்தப் பேருக்காகவே தூங்கினேன்.

கடைசி வருசம், மழை பெய்ஞ்சு வழுக்குன மைதானத்தில ஒருத்தன் முழு உடம்போட என் மேல வந்து விழுந்தான். வலது முழங்கால்ல 'படக்'குன்னு ஒரு சத்தம். அதோட ஆட்டம் முடிஞ்சுச்சு. பரீட்சையும் ஊத்திக்கிச்சு. விந்தி விந்தி வீட்டு வாசல்ல வந்து நின்னப்ப அப்பா மேலயும் கீழயும் பாத்தார்.

"காலும் போச்சு, காலேசும் போச்சு. பந்தையாச்சும் கொண்டாந்தியா?"

கொண்டாந்திருந்தேன். காலேசுல கழிச்சுப் போட்ட பழைய பந்து, பெட்டிக்குள்ள துணிக்கு அடியில இருந்துச்சு. மாட்டுத்தோல் வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு அம்மா ஒரே பிடியா நின்னதால அதை மாட்டுக்கொட்டத்தில கட்டித் தொங்கவிட்டோம். மாடுகளுக்கு அதைப் பாத்து ஒரு சங்கடமும் இல்ல.

நாலு மாசம் அப்பா முகத்தைப் பாக்காம தின்னுட்டுப் படுத்திருந்தேன். அப்புறம் சொந்தக்காரர் ஒருத்தர் சொல்லி, போடிமெட்டுக்கு மேல ஒரு ஏலத் தோட்டத்தில கணக்கெழுதுற ரைட்டர் வேலை கெடச்சுச்சு. போடியில இருந்து மலைக்கு மோட்டார் போற பாதை அப்ப கிடையாது. விடியக் கிளம்பினா பொழுது சாயறப்ப மேல போய்ச் சேரலாம். முழங்காலைத் துணியால இறுக்கிக் கட்டிக்கிட்டு, பந்தைத் தோள்ல தொங்கவிட்டுக்கிட்டு ஏறினேன். ஏன் அதை எடுத்துட்டுப் போனேன்னு கேட்டா எனக்கே தெரியாது. விட்டுட்டுப் போக மனசு வரல.

அந்த மலையை நினைச்சா இன்னிக்கும் எனக்கு மூக்கில ஏலக்காய்ப் புகை வாசம்தான் முதல்ல வரும். மழை நாள்ல காயை ஸ்டோருக்குள்ள பரப்பி, அடியில நெருப்புப் போட்டுக் காயவைப்போம். அந்த வாசம் சட்டையில ஏறும், சோத்தில ஏறும், தலைமுடியில ஏறும். அட்டைக் கடியும் பனிமூட்டமும் முதல்ல என்னைப் பாடாப் படுத்துச்சு. ஆறு மாசத்தில அது இல்லாத ஊர்ல எப்பிடி மனுசன் இருப்பான்னு தோண ஆரம்பிச்சிடுச்சு.

காய் மூட்டையைக் கீழ போடிக்கு இறக்குறதும், அரிசி உப்பைத் தோட்டத்துக்கு ஏத்துறதும் தலைச்சுமைக்காரங்க சோலி. எங்க தோட்டத்துக்குப் பன்னெண்டு பதிமூணு பேர் இருந்தாங்க. வரிசையா ஒருத்தன் பின்னால ஒருத்தன் போவாங்க. முன்னால போறவனை முன்னோடின்னு சொல்லுவோம். அவன் கால் வச்ச இடத்திலதான் மத்தவன் கால் வைக்கணும். தலையில சுமை இருக்கிற வரைக்கும் முன்னோடியை யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க. தப்பான பாதையில திரும்பிட்டான்னாலும் பின்னாலயே போவாங்க, சுமையை இறக்கின பிறகுதான் வசவு. அந்தச் சரிவில நின்னு வாக்குவாதம் பண்ணினா ஆளே பள்ளத்துக்குப் போயிடுவான், அதனால வந்த வழக்கம்.

எங்க முன்னோடி தேவாரத்துக்காரன். என்னைவிட அஞ்சாறு வயசு மூத்தவன், கெண்டைக்கால் ரெண்டும் உலக்கை கணக்கா இருக்கும். அதிகம் பேச மாட்டான். ஒரு மழை ஓய்ஞ்ச மத்தியானம் நான் ஸ்டோர்ச் சுவத்தில பந்தை நல்ல காலால தட்டிக்கிட்டிருந்தேன். பந்து நழுவி உருண்டு ஓடைப் பக்கம் போச்சு. சுமையை இறக்கி வச்சிட்டு வெத்தலை போட்டுக்கிட்டிருந்த அந்த ஆள், உக்காந்த வாக்கிலயே காலை நீட்டி அதை நிறுத்தினான். எழுந்து ஒரு தட்டுத் தட்டினான். பந்து நேரா என் காலுக்கு வந்துச்சு. யாத்தே! எனக்கு உடம்பு புல்லரிச்சுப் போச்சு.

"ஏப்பா, இன்னொருக்கா அடி."

"எதுக்குங்க ரைட்டரய்யா?"

"அடின்னா அடிப்பா!"

அப்பிடித்தான் ஆரம்பிச்சுச்சு. ஒரு மாசத்தில பதினொரு பேர் தேறிட்டாங்க. மலையேறி இறங்குற காலுகளுக்கு மூச்சே வாங்கல. தலையால முட்டச் சொன்னப்பதான் பெரிய ரகளை. "சும்மாடு வைக்கிற தலைங்கய்யா, அதுல மாட்டுத்தோல் படுறதா?"ன்னு எல்லாரும் பின்வாங்கிட்டாங்க. நானும் எம்புட்டோ கத்திப் பாத்தேன், அது மட்டும் கடைசி வரைக்கும் நடக்கல. காய் எடுக்கிற பொம்பளைங்க கூடையை இறக்கி வச்சிட்டு வேடிக்கை பாப்பாங்க. முன்னோடி பொஞ்சாதிக்கு வாய் அதிகம். "நாள் முழுக்கச் சுமந்தது பத்தலைன்னு இங்க வந்து குதிக்குதுக பாருங்கடி"ன்னு அவ சொன்னா மத்தவங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. அவன் இன்னும் வேகமா ஓடுவான்.

நாங்க ஆடின இடம், வெயில் நாள்ல காய் காயப்போடுற களம். மழைத் தண்ணி தேங்கக் கூடாதுன்னு சாய்வா வெட்டின களம் அது. களத்தை ஒட்டி ஒரு பக்கம் காட்டு மேடு. இன்னொரு பக்கம் ஓடை, பள்ளம். மலையில எதைப் பாத்தாலும் செங்குத்தா இருக்கிறப்ப அந்தக் களம் என் கண்ணுக்குத் தட்டையாத்தான் தெரிஞ்சுச்சு. ரெண்டு கோலுக்கும் மூங்கில் நட்டோம். நேரா அடிச்ச பந்து எல்லாம் ஓடைப் பக்கம் வளைஞ்சு வெளிய போச்சு. நான் ரெண்டு நாள் யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சேன். மேட்டுப் பக்க மூங்கிலுக்கு வெளிய ரெண்டு முழம் தள்ளிக் குறி வச்சு அடி, பந்து தானா வளைஞ்சு கோலுக்குள்ள வரும். வந்துச்சு! ஒண்ணு தப்பாம வந்துச்சு.

"எப்பிடிங்கய்யா வளையுது?"ன்னு ஒருத்தன் கேட்டான்.

"பூமி சுத்துதுல்ல? அந்தச் சுத்துக்குப் பந்தும் வளையும். காலேசுல படிச்சது."

சத்தியமா நம்பித்தான் சொன்னேன். பூகோளத்தில பாதி மார்க்கு வாங்கினவன் வேற என்னத்தச் சொல்லுவான்? முன்னோடி களத்தைப் பாத்தான், என்னைப் பாத்தான், "சரிங்க"ன்னான். அன்னியில இருந்து மூணு வருசம் களத்தில என் குரல் ஒண்ணுதான் கேக்கும்: "மேட்டுப் பக்கம் அடிங்கடா!"

மூணாம் வருசம் காலேசுல கூட ஆடின ஒருத்தன் கடுதாசி போட்டான். அங்க ஹெட் கேம்ஸ் மாஸ்டர் வேலை காலியா இருக்குன்னு. நான் வெள்ளைக்காரப் பிரின்சிபால் துரைக்கு எழுதினேன். என்னை அவருக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு, முழங்காலும் ஞாபகம் இருந்துச்சு. "நீ ஆட முடியாது. ஆட்டம் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று நான் பார்க்க வேண்டும். உன் ஆட்களைக் கூட்டி வா, என் மாணவர்களோடு ஆடட்டும்"னு பதில் வந்துச்சு.

எனக்கு அந்த வேலை வேணும். வேணும்னா சாதாரணமா இல்ல, சோறு தண்ணி இறங்கல. பந்தோடயே வாழலாம், அதுக்குச் சம்பளமும் உண்டு, அப்பா முகத்தையும் நிமிந்து பாக்கலாம். இது தவறினா ஆயுசுக்கும் தோட்டத்து ரைட்டர்தான். ஆளுகளைக் கூட்டி வச்சுச் சொன்னேன். இதுதான் விசயம், நீங்க ஜெயிச்சாத்தான் எனக்குப் பொழப்பு மாறும்னு. பதினொரு பேரும் வேற ஒண்ணும் கேக்கல. என்னிக்குக் கிளம்பணும்னு மட்டும் கேட்டாங்க.

தை கழிஞ்சு காய் எடுப்பு ஓய்ஞ்சதும் முதலாளிகிட்ட லீவு சொல்லிட்டுக் கீழ இறங்கினோம். போடியில ரெண்டு மாட்டுவண்டி பிடிச்சோம். தேனி, ஆண்டிபட்டிக் கணவாய், உசிலம்பட்டின்னு மூணு நாள் பயணம். என் வாழ்க்கையில அதைவிடச் சந்தோசமான மூணு நாள் இருந்ததா எனக்கு நினைவில்ல. கணவாய் ஏத்தத்தில மாடு திணறினப்ப பதினொரு பேரும் குதிச்சு வண்டியைத் தள்ளினாங்க. வண்டிக்காரர், "இவுக இருக்கையில எனக்கு மாடு எதுக்கு? அவுத்து விட்டுரவா?"ன்னு கேட்டார். வழியில கிணத்தடியில கட்டுச்சோத்தைப் பிரிச்சு எல்லாரும் ஒரே வட்டமா உக்காந்து சாப்பிட்டோம். தோட்டத்தில அப்பிடி உக்காந்தா ரைட்டருக்கு மரியாதை போயிடும். அங்க எனக்கு அந்த நெனப்பே வரல.

காலேசு மைதானம். சுத்தி வேட்டியும் கோட்டுமா மாணவக் கூட்டம். முன்னோடி மைதானத்தை ஒரு சுத்துச் சுத்தி நடந்தான். காலை அழுத்தி அழுத்தி வச்சுப் பாத்தான். அப்புறம் எங்கிட்ட வந்தான்.

"ஐயா, இங்க மேட்டுப் பக்கம் எதுங்க?"

அந்தக் கேள்வியிலயே எனக்கு உறைச்சிருக்கணும். எங்க உறைச்சுச்சு? துரை வேற வந்துக்கிட்டிருக்காரு. "அந்தா வேப்பமரம் தெரியுதுல்ல, அதுதான் மேட்டுப் பக்கம்னு வச்சுக்க. போய் நில்லு, வெரசா!"ன்னு விரட்டினேன்.

ஆட்டம் ஆரம்பிச்சுச்சு. என் ஆளுக ஓட்டத்தைப் பாத்துக் கூட்டம் அசந்து போச்சு. மாணவங்களால பிடிக்க முடியல. பந்து எங்க ஆளுக கால்லதான் இருந்துச்சு. கோல் கிட்டப் போவாங்க, ஓங்கி அடிப்பாங்க, பந்து கம்பத்துக்கு ரெண்டு முழம் வெளிய வேப்பமரத்துப் பக்கமாப் போகும். திரும்பவும் போவாங்க, திரும்பவும் வேப்பமரம். முதல்ல கூட்டம் 'ச்சூ' கொட்டுச்சு. அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சுச்சு. நான் கோட்டு ஓரத்தில நின்னு தொண்டை கிழியக் கத்தினேன், "மேட்டுப் பக்கம்! மேட்டுப் பக்கம் அடிங்கடா!" அவுங்களும் அடிச்சாங்க. அந்தப் பக்கம் மாணவங்க எப்பவாச்சும் ஒருக்கா பந்தைக் கொண்டாந்து நேரா உள்ள தட்டிட்டுப் போயிக்கிட்டே இருந்தாங்க.

இடைவேளையில முன்னோடி எங்கிட்ட வந்து வாயைத் திறந்தான். துரை என் பக்கத்தில நின்னாரு. அவரைப் பாத்ததும் அவன் சொம்பை எடுத்துத் தண்ணியைக் குடிச்சான்.

"என்ன முழிக்கிற? சொன்னதைச் செய்யி, போ!"ன்னேன். போனான்.

கடைசி நிமிசம். எங்களுக்கு அஞ்சு கோல் விழுந்திருந்துச்சு, நாங்க ஒண்ணும் போடல. முன்னோடி தனியாப் பந்தைக் கொண்டு போனான். மறிச்சவனெல்லாம் சறுக்கி விழுந்தான். கோல்கீப்பரும் பாய்ஞ்சு தவறிக் குப்புறக் கிடந்தான். எதிர்ல வெறும் கோல். பத்தடி தூரம். குழந்தை தட்டினாலும் உள்ள போகும். நான் பழக்க தோசத்தில கத்தினேன், "மேட்டுப் பக்கம்!"

ஒரு நொடி நின்னான். அப்புறம் வேப்பமரத்துப் பக்கம் அடிச்சான்.

அப்பத்தான் பந்தை நான் ஒழுங்காப் பாத்தேன். அது வளையல. நூல் பிடிச்ச மாதிரி நேராப் போய் மரத்தடியில விழுந்துச்சு. பூமியும் சுத்தல, ஒரு மண்ணும் சுத்தல. களம் சாஞ்சு கெடந்திருக்கு. மூணு வருசமா அந்தச் சாய்வைத்தான் நான் வித்தைன்னு சொல்லிக் குடுத்திருக்கேன். எனக்குக் காது ரெண்டும் கொதிச்சுச்சு. அந்த இடத்திலயே மண்ணுக்குள்ள புதைஞ்சிடலாமான்னு இருந்துச்சு.

துரை கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் நல்லா வரும், கொஞ்சம் இழுவையா வரும். சிரிச்சுச் சிரிச்சு அவர் கண்ணில தண்ணி நின்னுச்சு.

"பதினொரு பேர். பதினொரு பேரும் ஒரே தப்பு. கடைசி வரை ஒருவன்கூட மாறவில்லை. என் பையன்களைப் பார், பதினொருவனும் பதினொரு பக்கம் போகிறான். உன் தப்பை நீ சரி செய்துகொள். இப்படிச் சொல் கேட்கிற ஆட்களை உருவாக்கத் தெரிந்தவன்தான் எனக்கு வேண்டும். ஜூன் மாதம் வந்து சேர்."

வேலை கெடச்சிடுச்சு! விந்திக்கிட்டே ஓடினேன். பதினொரு பேரும் மைதானத்து ஓரமா, அந்த வேப்பமரத்து நிழல்லயே உக்காந்து கால்ல மண்ணைத் துடைச்சுக்கிட்டிருந்தாங்க. மூச்சு வாங்கச் சொன்னேன். சொன்னதுதான் தாமதம், ஒரே கூச்சல். ஒருத்தன் என்னைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டான். தோத்த கூட்டம் எதுக்குக் கூத்தாடுதுன்னு மாணவப் பயலுக நின்னு பாத்தாங்க.

கூச்சல் அடங்கின பிறகு முன்னோடி பக்கத்தில போய் உக்காந்தேன். என்னால அடக்கிவைக்க முடியல.

"தப்பு உங்க மேல இல்லப்பா. களம் சாய்வு. நான் ஒரு மடையன், அது தெரியாம..."

"தெரியுங்கய்யா."

"என்ன தெரியும்?"

"களம் சாய்வுன்னு முதல் நாளே தெரியும். தினம் சுமையோட சரிவில நடக்கிறவனுக்குத் தெரியாதுங்களா? இங்க தட்டைன்னும் காலை வச்சதுமே தெரிஞ்சுச்சு. பூமி சுத்துற கதையைத்தான் நாங்க நம்பல." சிரிச்சான்.

எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "அப்பறம் ஏன்டா அந்தப் பக்கமே அடிச்சீங்க? வெறும் கோல் கெடந்துச்சே! கண்ணு அவிஞ்சா போச்சு?"

அவன் கால் மண்ணைத் தட்டிவிட்டுட்டு என் பக்கம் திரும்பினான்.

"இங்க தட்டைன்னு இடைவேளையில சொல்லத்தான் வந்தேன். பக்கத்தில துரை நின்னாரு. துரை பந்தைப் பாக்கலைங்கய்யா. உங்களைப் பாத்தாரு, அப்பறம் எங்களைப் பாத்தாரு. நீங்க கத்தின பிறகு நாங்க வேற பக்கம் அடிச்சு கோல் போட்டா, நாங்க ஜெயிச்ச மாதிரி இருக்கும். உங்க பேச்சை உங்க ஆளே மதிக்கலைன்னு ஆயிரும். அப்பறம் யாரு உங்களுக்கு வேலை குடுப்பா? பசங்ககிட்டயும் சொல்லிட்டேன், மாத்தி அடிக்க வேணாம்னு."

அந்தக் கோல் கம்பத்தைத் திரும்பிப் பாத்தேன். கேட்டேன், "உனக்கு ஒரு கோல் போடணும்னு ஆசை இல்லையா?"

"இல்லாமயா? மூணு நாளும் வண்டியில அதுதான் நெனப்பு. மதுரையில ஒண்ணு போட்டுட்டு வர்றேன்னு வீட்டில சொல்லிட்டுத்தான் வந்தேன்." தலையைச் சொறிஞ்சான். "போட்டேன்னுதான் சொல்லப் போறேன். நீங்களும் ஆமான்னு சொல்லணும்."

அந்த மனுசன் முன்னால நான் அழுதுட்டேன். அவன் பதறிப் போய், "அட என்னங்கய்யா, சின்னப் புள்ளை மாதிரி"ன்னு மேல்துண்டைக் கொண்டாந்து குடுத்தான்.

வேலையை ஒப்படைக்கிற வரைக்கும் சில மாசம் நான் தோட்டத்திலதான் இருந்தேன். கிளம்புற நாள் ஸ்டோர் வாசல்ல அவன் பொஞ்சாதி என்னை நிறுத்தினா. இடுப்பில கூடை. வழக்கமான கேலி அவ முகத்தில இல்ல.

"ரைட்டரய்யா, எங்க வீட்டாளு மதுரையில கோல் போட்டாராமே, மெய்யாவா? இல்ல எங்கிட்ட அளந்து விடுறாரா?"

"போட்டாரு ஆத்தா. கடைசி நிமிசத்தில, பத்தடி தூரத்தில இருந்து போட்டாரு. அதைப் பாத்துத்தான் துரை எனக்கு வேலையே குடுத்தாரு"ன்னேன்.

அவ வாயெல்லாம் பல்லா உள்ள போயிட்டா. நான் சொன்னதில பொய் எம்புட்டு, நெசம் எம்புட்டுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியல.